'கனமழை' இல்லாமலேயே வந்த 3 வெள்ளங்கள்: மலை எச்சரிக்கைகளுக்கு எப்படி மார்க் போடுவது?

தராலி வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2025 ஆகஸ்ட் 5, மதியம் ஒன்றரை மணி வாக்கில், உத்தராகண்ட் மாநிலம் உத்தரகாசி மாவட்டத்தில் கங்கோத்ரி போகும் வழியில் இருக்கும் அந்தச் சின்ன ஊருக்குள் கீர் கங்கா ஓடை சேறும் பாறையுமாக இறங்கியது. ஹோட்டல்கள், ஹோம்ஸ்டேக்கள், கடைகள் எல்லாம் சில நொடிகளில் காணாமல் போயின. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

சத்தத்தோடு ஒருமுறை அந்த வீடியோவைப் பார்த்தால் இன்னொன்று புரியும். படம் பிடித்தவர்கள் ஆற்றுக்கு எதிர்ப்பக்கம் உயரத்தில் இருக்கும் முக்பா கிராமத்துக்காரர்கள். அவர்கள் விசில் அடிக்கிறார்கள், "ஓடுங்க, ஓடுங்க" என்று கத்துகிறார்கள். அந்த நிமிடத்தில் தராலி மக்களுக்கு இருந்த எச்சரிக்கை அவ்வளவுதான்: எதிர்மலையிலிருந்து வந்த விசில்.

அன்று மாலையே டிவியில் "மேகவெடிப்பு" என்ற வார்த்தை வந்துவிட்டது. ஆனால் தரவு வேறு கதை சொன்னது. பக்கத்தில் இருக்கும் ஹர்சில் நிலையத்தில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 6.5 மி.மீ. பட்வாரியில் 11 மி.மீ. சென்னையில் இவ்வளவு பெய்தால் நாம் குடையைக்கூட எடுக்க மாட்டோம்.

இதுபோன்ற ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: வானிலை ஆய்வுத் துறை முன்பே சொன்னதா, இல்லையா? அந்தக் கேள்வியே கொஞ்சம் தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று பார்க்க இன்னும் இரண்டு சம்பவங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று காஷ்மீரில், இன்னொன்று அமெரிக்காவில்.

அமர்நாத், 2022: மணிக்கணக்கில் என்ன நடந்தது?

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை. அமர்நாத் குகைக்கு அருகே மாலையில் வெள்ளம் பாய்ந்து கூடாரங்களையும் அன்னதானக் கூடங்களையும் அடித்துச் சென்றது. குறைந்தது 15 பேர் இறந்தார்கள்.

இந்தச் சம்பவத்தில் நமக்கு ஒரு அரிய வசதி உண்டு. குகைக்கு அருகிலேயே இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தானியங்கி வானிலை நிலையம் இருந்தது. அதன் பதிவு இதுதான். காலை 8:30 முதல் மாலை 4:30 வரை மழையே இல்லை. 4:30 முதல் 5:30 வரை 3 மி.மீ. அடுத்த ஒரு மணி நேரத்தில், 6:30-க்குள், 28 மி.மீ. மொத்தம் 31.

அன்று எச்சரிக்கை இருந்ததா என்றால், இருந்தது. மஞ்சள் அலர்ட். இந்தியாவின் வண்ணக் குறியீட்டில் மஞ்சளுக்கு அர்த்தம் "கவனித்துக்கொண்டிருங்கள்". ஆரஞ்சு என்றால் "தயாராக இருங்கள்", சிவப்பு என்றால் "நடவடிக்கை எடுங்கள்". அதே நாளில் யாத்திரைப் பாதைக்கென்று தனியாக வெளியான முன்னறிவிப்போ, ஓரளவு மேகமூட்டம், மிக லேசான மழைக்கு வாய்ப்பு என்றுதான் சொன்னது.

விபத்துக்குப் பிறகு இது மேகவெடிப்பு இல்லை என்று துறை விளக்கம் கொடுத்தது. அவர்கள் அளவுகோல்படி அது சரி. ஏறக்குறைய 20 முதல் 30 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 100 மி.மீ. பெய்தால்தான் மேகவெடிப்பு. 28 எங்கே, 100 எங்கே. குகைக்கு மேலே மலையில் இன்னும் அதிகமாகப் பெய்திருக்கலாம் என்றும் அதிகாரிகள் சொன்னார்கள். அங்கே மழைமானி இல்லை.

ஆனால் கூடாரத்துக்குள் இருந்தவருக்கு இந்த விவாதத்தால் என்ன பயன்? சும்மா ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சதுர கிலோமீட்டர் சரிவில் 28 மி.மீ. மழை என்றால் 2.8 கோடி லிட்டர் தண்ணீர். நம் ஊர் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் அளந்தால் 2,300 லாரிக்கு மேல். சரிவு செங்குத்து, தரை பாறை, உறிஞ்ச மண் இல்லை. அத்தனையும் ஒரே ஓடை வழியாகத்தான் வர வேண்டும். வரும்போது தண்ணீர் மட்டும் வராது, கல்லையும் சேற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும்.

அதே ஓடையில் அதற்கு முந்தைய ஆண்டும், 2021 ஜூலை 28 அன்று, வெள்ளம் வந்தது. கோவிட் காரணமாக அந்த ஆண்டு யாத்திரை ரத்தாகியிருந்ததால் உயிரிழப்பு இல்லை. 2022-ல் கூடாரங்கள் போடப்பட்ட இடங்களில் சில அந்த வெள்ளம் போன தடத்திலேயே இருந்தன என்று பத்திரிகைச் செய்திகள் வந்தன.

ஸயான், 2015: நல்ல எச்சரிக்கை, ஏழு மரணங்கள்

இப்போது அமெரிக்காவின் யூட்டா மாநிலம். ஸயான் தேசியப் பூங்காவில் கீஹோல் கேன்யன் என்று ஒரு மலையிடுக்கு இருக்கிறது. சில இடங்களில் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓர் ஆள் மட்டுமே நுழைய முடியும். கயிறு கட்டி இறங்கும் சாகசப் பயணிகளுக்குப் பிடித்த இடம்.

2015 செப்டம்பர் 14 காலையில் ஏழு பேர் கொண்ட ஒரு குழு அங்கே போக அனுமதிச் சீட்டு வாங்கியது. அன்று திடீர் வெள்ளத்துக்கு வாய்ப்பு இருக்கிறது என்ற தகவல் அனுமதி கொடுக்கும் இடத்திலேயே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் போவதா வேண்டாமா என்பதைப் பயணிகளே முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் பூங்காவின் கொள்கை.

மதியம் 2:22-க்கு அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை திடீர் வெள்ள எச்சரிக்கை விடுத்தது. பூங்கா நிர்வாகம் உடனே எல்லா மலையிடுக்குகளையும் மூடியது. மாலை 4:30-க்கும் 5:30-க்கும் இடையே அந்தப் பகுதியில் 0.63 அங்குலம், அதாவது வெறும் 16 மி.மீ. மழை பெய்தது. விர்ஜின் ஆற்றின் நார்த் ஃபோர்க் கிளையில் நொடிக்கு 55 கன அடியாக இருந்த நீரோட்டம் 15 நிமிடத்தில் 2,630 கன அடியானது. கீஹோலில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அதே நாள், அருகிலிருந்த ஹில்டேல் ஊரில் இரண்டு வாகனங்களில் இருந்த பெண்களும் குழந்தைகளுமாக 13 பேரை இன்னொரு வெள்ளம் கொண்டுபோனது.

வானிலை ஆய்வாளர் பார்வையில் இது டிஸ்டிங்ஷன் மார்க் வாங்க வேண்டிய எச்சரிக்கை. சரியான இடம், சரியான ஆபத்து, மழைக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் முன் அவகாசம். மலையிடுக்குக்குள் இருந்த ஏழு பேரின் பார்வையில் முன் அவகாசம் பூஜ்யம். பூங்காவின் பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் கிடையாது. "மூடப்பட்டது" என்ற அறிவிப்பு இனிமேல் உள்ளே போக நினைப்பவர்களைத் தடுக்கும். ஏற்கெனவே சீட்டு வாங்கிப் போனவர்களை அது எட்டாது.

மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

ஹர்சிலில் ஒரு நாளில் 6.5 மி.மீ. அமர்நாத்தில் இரண்டு மணி நேரத்தில் 31 மி.மீ. ஸயானில் ஒரு மணி நேரத்தில் 16 மி.மீ.

நம் வானிலைத் துறையின் அகராதியில் "கனமழை" என்ற வார்த்தை 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. பெய்தால்தான் தொடங்குகிறது. 115.6-லிருந்து மிகக் கனமழை. 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. மேலே சொன்ன மூன்று அளவுகளில் ஒன்றுகூட முதல் படியைத் தொடவில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். மழைமானி இருக்கும் இடத்தின் மழையைத்தான் அது சொல்லும், 5 கிலோமீட்டர் மேலே என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. தராலி விஷயத்தில் மழையைவிட மேலே தேங்கியிருந்த பனிப்பாறைக் குவியல்கள் சரிந்ததுதான் முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று பல விஞ்ஞானிகள் சொன்னார்கள். அதனால் மூன்றையும் ஒரே வகை என்று நான் சொல்ல வரவில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: 24 மணி நேரம், முழு மாவட்டம் என்ற இரண்டு அலகுகளும் சமவெளிக்குச் சரி. சென்னையில் ஏரி நிரம்ப, தெருவில் தண்ணீர் தேங்க பல மணி நேரம் ஆகும். மலையிடுக்கு ஒரு மணி நேரத்தில், ஒரு ஓடையில் ஆளைக் கொல்லும். அங்கே போய் "உத்தரகாசி மாவட்டம், இன்று, ஆரஞ்சு" என்று சொன்னால் அது தப்பான தகவல் இல்லை. ஆனா அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது.

பொய் எச்சரிக்கையின் விலை

"அப்போ மஞ்சள் வந்தாலே எல்லாத்தையும் மூடிடலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் டேட்டா ஆட்கள் பயன்படுத்தும் ஒரு சின்ன அட்டவணை உதவும். எச்சரிக்கை கொடுத்தோம், வெள்ளம் வந்தது: சரி. கொடுக்கவில்லை, வந்தது: தவறவிட்டோம். கொடுத்தோம், வரவில்லை: பொய் எச்சரிக்கை. உங்களில் ஐடி துறையில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான சதுரம்தான்.

2022-ல் அமர்நாத் யாத்திரை 43 நாட்களுக்குத் திட்டமிடப்பட்டது. அதில் 15 நாள் மஞ்சள் அலர்ட் வந்ததாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள், இது உதாரணத்துக்கு மட்டும். ஒரே ஒரு நாள் வெள்ளம் வருகிறது, அன்றும் மஞ்சள் இருக்கிறது. அப்படியானால் "வெள்ளத்தை முன்கூட்டிச் சொன்ன விகிதம்" 100 சதவீதம். அறிக்கையில் போட்டால் பிரமாதமாக இருக்கும். அதே நேரத்தில் பொய் எச்சரிக்கை 15-க்கு 14. ஐந்தாவது மஞ்சளுக்குப் பிறகு கூடாரம் போடுபவர், குதிரைக்காரர், போலீஸ்காரர், யாத்ரீகர் யாரும் வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். பதினைந்து நாளும் மூடினால் அந்த சீசன் வருமானத்தை நம்பி ஆண்டு முழுக்கக் குடும்பம் நடத்தும் குதிரைக்காரரின் கணக்கு என்ன ஆகும்? அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று டெல்லியில் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதுவது எனக்குச் சுலபம்.

ஆகவே "எச்சரிக்கை இருந்ததே" என்று துறை சொல்வதும், "எச்சரிக்கை போதவில்லை" என்று மாநில அரசு சொல்வதும் இரண்டுமே ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். இரண்டு பேரும் தப்பித்துவிடுவார்கள்.

தொழில்நுட்பம் இல்லாமலா?

இருக்கிறது. 2020 அக்டோபரில் தெற்காசியாவுக்கான திடீர் வெள்ள வழிகாட்டி அமைப்பை இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கியது. இந்தியா, நேபாளம், பூடான், வங்கதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளுக்கும் சேர்த்து. மாவட்டக் கணக்கை விட்டு, ஏறக்குறைய 4 கி.மீ.க்கு 4 கி.மீ. அளவுள்ள நீர்ப்பிடிப்புப் பகுதிகளாகப் பிரித்து, மண் ஏற்கெனவே எவ்வளவு நனைந்திருக்கிறது என்பதையும் சேர்த்து, அடுத்த 6 மணி நேர, 24 மணி நேர ஆபத்தைச் சொல்கிறது. மலைக்கு ஏற்ற அலகு இதுதான். 2025 மே மாதம் 6 கி.மீ. துல்லியம் கொண்ட பாரத் முன்னறிவிப்பு அமைப்பும் வந்தது. மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்புகளும் உண்டு. உங்கள் போன் ஒருநாள் திடீரென்று அலறி, பேரிடர் எச்சரிக்கைச் சோதனை என்று செய்தி வந்திருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அந்த செல் பிராட்காஸ்ட் முறையில் ஒரு குறிப்பிட்ட டவரின் எல்லைக்குள் இருக்கும் எல்லா போன்களுக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்ப முடியும்.

ரேடார் விஷயத்தில் குறை உண்மையானது. உத்தராகண்டில் முக்தேஷ்வர், சுர்கண்டா தேவி, லான்ஸ்டவுன் என்று மூன்று டாப்ளர் ரேடார்கள் இருக்கின்றன. ஆனால் ரேடார் அலை நேர்கோட்டில் போகும். முன்னால் ஒரு பெரிய மலை நின்றால் அதன் முதுகுக்குப் பின்னால் பெய்வது தெரியாது. இமயமலையில் எல்லா ஓடைக்கும் முன்னால் ஒரு மலை நிற்கிறது.

இதற்கு விலை குறைந்த பதில் ஓடையிலேயே இருக்கிறது. ஆபத்தான ஒரு இடத்துக்கு 4, 5 கி.மீ. மேலே ஒரு நீர்மட்ட சென்சார், கீழே ஒரு சைரன். அமர்நாத் நிலையத்தின் எண்களை மறுபடி பாருங்கள்: 5:30 வரை 3 மி.மீ., அதற்குப் பிறகு 28. மணிக்கொரு முறை அளவைப் பார்த்தால் வெள்ளம் வந்த பிறகுதான் தெரியும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, ஒரு எல்லையைத் தாண்டியதும் தானாக சைரன் அடித்தால், மேடான இடத்துக்கு ஓட ஐந்தோ பத்தோ நிமிடம் கிடைக்கலாம். மலையிடுக்கில் ஐந்து நிமிடம் ரொம்பப் பெரிய நேரம்.

மழையே இல்லாத வெள்ளத்துக்கும் இது உதவும். 2021 பிப்ரவரி 7, சமோலி. பளிச்சென்று வெயில் அடித்த ஞாயிற்றுக்கிழமை காலை. ரோன்டி சிகரத்தின் ஒரு பக்கம் பாறையும் பனியுமாக இடிந்து ரிஷிகங்கா பள்ளத்தாக்கில் விழுந்தது. இரண்டு மின்திட்டங்கள் அழிந்தன. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். எந்த வானிலை எச்சரிக்கையும் அதைப் பிடித்திருக்காது. ஆனால் அந்தச் சரிவின் அதிர்வை நிலநடுக்க மானிகள் பதிவு செய்திருந்தன. அந்தச் சமிக்ஞையை வைத்தே கீழே இருந்தவர்களுக்குச் சில நிமிட அவகாசம் கொடுத்திருக்க முடியும் என்று அதே ஆண்டு சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. தபோவன் சுரங்கத்துக்குள் அன்று தொழிலாளர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

நம் ஊர் அருவியில்

இதெல்லாம் வடக்கே நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் மக்கள் குளித்துக்கொண்டிருந்தபோது மேலே மலையில் பெய்த மழை திடீரென்று இறங்கியது. படிக்கட்டில் விழுந்து எழுந்து மக்கள் ஓடும் வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான்.

குற்றாலம் மெயினருவியில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை. மாவட்ட அலர்ட் என்ன நிறம் என்று யாரும் பார்ப்பதில்லை. எல்லை எது என்பது குளிப்பவர் கண்ணுக்கும் தெரியும், பணியில் இருக்கும் போலீஸ்காரர் கண்ணுக்கும் தெரியும், தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். அந்த இடத்துக்கென்று வைத்த அளவு, முடிவெடுக்க ஒரு ஆள். முன் அவகாசம்தான் இல்லை. மேலே ஒரு சென்சார் வைத்தால் அதுவும் கிடைக்கும்.

சரி, மார்க் எப்படிப் போடுவது?

என்னைக் கேட்டால், ஒரு விபத்துக்குப் பிறகு நான்கு கடிகார நேரங்களை வரிசையாக எழுத வேண்டும். எச்சரிக்கை எப்போது தயாரானது. அந்த இடத்தில் இருந்த ஆளின் போனையோ காதையோ அது எப்போது எட்டியது. மூடு, வெளியேற்று என்று அதிகாரம் உள்ள ஒருவர் எப்போது சொன்னார். தண்ணீர் எப்போது வந்தது.

ஸயானில் இந்த நேரங்களில் மூன்று சில நாட்களிலேயே பொதுவெளிக்கு வந்துவிட்டன: 2:22-க்கு எச்சரிக்கை, உடனே மூடல், 4:30-க்குப் பிறகு மழையும் வெள்ளமும். இரண்டாவது கட்டம் மட்டும் காலி. அந்தக் காலி இடத்தில்தான் ஏழு பேர் இருந்தார்கள் என்று யாரும் விளக்காமலேயே தெரிகிறது. விவாதமும் அங்கே போய் நின்றது: வாய்ப்பு அதிகம் என்று சொல்லும் நாளில் காலையில் சீட்டு கொடுக்கலாமா?

அமர்நாத்தில் முதல் நேரமும் நான்காவது நேரமும் நமக்குத் தெரியும். நடுவில் இருக்கும் இரண்டும்தான் முக்கியம். அவற்றை நிரப்பத் தேவையான தரவுக்கும் குறைவில்லை. 2022-ல்தான் யாத்ரீகர்களுக்கு ஆர்எஃப்ஐடி அட்டை அறிமுகமானது, யார் எந்த முகாமைத் தாண்டினார்கள் என்ற பதிவு அதில் இருக்கும். வானிலை நிலையத்தின் பதிவு இருக்கிறது. காவல்துறை வயர்லெஸ் பதிவு இருக்கும். இவற்றை ஒரே காலவரிசையில் வைத்து வெளியிட்டால் துறை, கோயில் வாரியம், மாவட்ட நிர்வாகம் மூன்றில் யாருடைய கையில் தாமதம் நடந்தது என்று பத்து நிமிடத்தில் புரியும். ஒருவேளை அதனால்தான் யாரும் அவசரப்படுவதில்லையோ என்னவோ. விபத்து நடந்து மூன்றாம் நாள், ஜூலை 11 அன்று, யாத்திரை மீண்டும் தொடங்கியது.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது பெங்களூரிலிருந்தோ புனேயிலிருந்தோ ஒரு இமயமலை டிரெக்குக்கு புக் செய்திருப்பீர்கள், அல்லது செய்ய யோசித்துக்கொண்டிருப்பீர்கள். வானிலை ஆப்பில் மாவட்டத்தின் நிறத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஏற்பாட்டாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கேம்ப் போடும் இடம் ஓடைப் படுகையிலிருந்து எவ்வளவு உயரம்? மேலே மழை பெய்தால் கீழே இருக்கும் நமக்கு யார், எதன் மூலம் சொல்வார்கள், சாட்டிலைட் போனா வாக்கி டாக்கியா? பணம் கட்டிய பிறகும் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் வழிகாட்டிக்கு இருக்கிறதா, இல்லை ஆபீஸில் இருக்கும் மேனேஜரைக் கேட்க வேண்டுமா? மூன்றாவது கேள்விக்குப் பதில் வர நேரம் எடுத்தால், முன்பணம் கட்டுவதை நிறுத்தி வையுங்கள்.